கை, பெல்ட், ட்ராலி, ஆள்: கனமான பார்சலுக்குச் சேலத்தில் எது, ஏற்காட்டில் எது?

கனமான பார்சலைத் தினமும் ஏற்றி இறக்குகிறவர்கள் முதுகுக்கென்று முதலில் வாங்குவது பெரும்பாலும் இடுப்பு பெல்ட். மெடிக்கல் ஷாப்பிலேயே தொங்குகிறது, விலையும் அதிகமில்லை, கட்டிக்கொண்டதும் ஒரு தெம்பு வருகிறது. வாங்க வேண்டிய சாமான்களில் அதை நாங்கள் கடைசியில்தான் வைப்போம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ஒப்பிடப் போவது இவற்றை: வெறும் கை, பெல்ட், இரண்டு சக்கரக் கை ட்ராலி, படி ஏறும் மூன்று சக்கர ட்ராலி, இரண்டு பேர் மாட்டித் தூக்கும் பட்டை, கூலிக்கு ஓர் ஆள். கூடவே பலகையும் கயிறும். குட்டி யானையோ ஆம்னியோ ஓட்டிக்கொண்டு, தனியாகவோ ஒரு பையனோடோ சேலம் டவுனில் இறக்கி, அவ்வப்போது ஏற்காட்டுக்கும் லோடு கொண்டுபோகிறவரை மனதில் வைத்து எழுதியது. பைக்கில் பை மாட்டிப் போகிறவருக்கு இதில் பாதி பொருந்தாது.

எடையை விட இடைவெளி

தொழில் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், 1991-இல் திருத்திய ஒரு கணக்கை வைத்திருக்கிறது. எல்லாமே சாதகமாக இருந்தால் ஒருவர் இரண்டு கையால் தூக்கத்தக்க எடை 23 கிலோ என்று அது தொடங்குகிறது. சாதகம் என்றால், பெட்டி உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள், கை தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், உடம்பு திரும்பாமல், பிடி நன்றாக, எப்போதாவது ஒருமுறை. இதில் ஒன்று கெட்டாலும் 23 குறையத் தொடங்கும்.

அதிகம் குறைப்பது உடம்புக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளி. கணுக்காலுக்கு நேர்மேலிருந்து கை வரை உள்ள தூரம் 50 சென்டிமீட்டர் ஆனால் 23 கிலோ 11.5 கிலோ ஆகிவிடும். பக்கவாட்டில் 45 டிகிரி திரும்பித் தூக்கினால் இன்னும் கொஞ்சம் போய், பத்துக்கும் கீழே வந்து நிற்கும். வண்டிக்குள் எட்டிக் கைவிட்டு, ஒருக்களித்து நின்று பெட்டியை இழுக்கிறோமே, அது இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்தும். கையில் இருப்பது 20 கிலோ அரிசிப் பைதான், ஆனாலும் அந்த நிலையில் அது இருமடங்கு கனம்.

காரணம் இதுதான். முதுகெலும்பின் பின்னால் ஓடும் தசைகள் எலும்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. 20 கிலோவை 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அதை ஈடுகட்ட அந்தத் தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். மேலுடம்பின் எடை இதில் சேரவில்லை. அந்த இழுவை முழுவதும் கீழ்முதுகு டிஸ்க்கின் மேல் அழுத்தமாக இறங்குகிறது. அதே 20 கிலோவை வயிற்றோடு ஒட்டி 25 சென்டிமீட்டரில் பிடித்தால் தசையின் வேலை பாதியாகும்.

இந்தக் கண்ணோடு லீ பஜாரிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ மூட்டை இறக்குவதைப் பார்த்தால் ஒன்று புரியும். அனுபவமுள்ள லோடுமேன் 90 கிலோ ஜவ்வரிசி மூட்டையைத் தரையிலிருந்து எடுப்பதே இல்லை. லாரி மேல் நிற்கும் இரண்டு பேர் மூட்டையை விளிம்புக்குத் தள்ளித் தோள் உயரத்தில் சாய்ப்பார்கள். கீழே நிற்பவர் முதுகைக் கொடுத்து, எடை கழுத்துக்குக் கீழே அகலமாக உட்காரும்படி வாங்கி, உடனே நடையைக் கட்டுவார். எடை உடம்புக்கு நேர்மேலே வந்துவிட்டது, இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. அதனால் 90 கிலோ நல்லது என்று அர்த்தமில்லை. கையால் சுமக்கும் எடை ஆண்களுக்கு 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்துவிட்டது. ஆனால் அந்த லோடுமேன்கள் தூக்கும் விதத்தில் ஒரு அறிவு இருக்கிறது. தனியாக வரும் டெலிவரிக்காரர் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விதத்தை, எடையை அல்ல.

வெறும் கையால் எது வரை

வண்டியின் பின்பலகை உயரம் பற்றி யாரும் யோசிப்பதில்லை. குட்டி யானை மாதிரி வண்டிகளின் தளம் ஏறக்குறைய இரண்டரை அடி, அதாவது 75 சென்டிமீட்டர் பக்கம் வருகிறது. மேலே சொன்ன கணக்குக்கு மிகவும் தோதான உயரம் அதுவே. பெட்டி அந்த விளிம்பில் இருக்கும்போது தூக்கினால் சரி. அதையே தூக்கிக் கீழே வைத்துவிட்டு, ரசீது எடுத்து, கையெழுத்து வாங்கி, மறுபடி தரையிலிருந்து தூக்கும் வழக்கம்தான் முதுகைப் பதம் பார்க்கிறது. முன்பின் 40 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டியை விளிம்பிலிருந்து எடுத்தால் கணக்கு 14 கிலோ சொச்சம் அனுமதிக்கிறது. தரையில் அடியில் கைவிட்டுத் தூக்கினால் 10 கிலோவைக்கூடத் தாண்டாது.

அதனால் இறக்கும் இடத்தில் தரையைத் தவிர்ப்பது ஒரு பெரிய ஆதாயம். கவிழ்த்த பால் கிரேட் ஒன்று வண்டியில் கிடந்தால் போதும், பெட்டிக்கு ஓர் இடைத் தங்கல் ஆகிவிடும். உள்ளே தள்ளி இருக்கும் பெட்டியை எட்டித் தூக்காமல் விளிம்புக்கு இழுப்பதற்கு, ஏற்றும்போதே அடியில் ஒரு தார்ப்பாய்த் துண்டை விரித்து அதன் முனையை வெளியே விட்டு வைக்கலாம். கனமான சாமானைக் கடைசியில் ஏற்றி விளிம்போரம் வைப்பது இறக்கும் வரிசைக்கு எப்போதும் ஒத்துவராது. ஒத்துவரும் நாளில் விடக் கூடாது.

"முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை" என்ற அறிவுரை பாதி உண்மை. பெட்டி இரண்டு முழங்காலுக்கு நடுவே நுழையும் அளவாக இருந்தால் சரிதான். மிக்ஸி பெட்டி, 20 லிட்டர் தண்ணீர் கேன், அரிசிப் பை எல்லாம் அப்படி. அறுபது சென்டிமீட்டர் பெட்டிக்குக் குந்தி உட்கார்ந்தால் முழங்கால் பெட்டியை வெளியே தள்ளிவிடும். இடைவெளி கூடி, குந்தியதன் பலனெல்லாம் போய்விடும். அப்போது ஒரு மூலையைத் தன் பக்கம் சாய்த்து, எதிர்மூலையின் அடியில் ஒரு கையும் சாய்ந்த மூலையின் மேல் ஒரு கையும் கொடுத்து, பெட்டியை உடம்போடு அணைத்து எழுவது மேல். பெட்டியைச் சுற்றியுள்ள மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை பிடி அல்ல. அது விரலை அறுக்கும், பாதிப்படியில் பட்டென்று விடும்.

சேலத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை: சின்னப் பெட்டி. வெள்ளிப் பட்டறைகளுக்கும் மெஷின் கடைகளுக்கும் வரும் பார்சல் அளவில் ஏமாற்றும். 30-க்கு 20-க்கு 10 சென்டிமீட்டர் பெட்டி முழுக்க இரும்பு என்றால் 47 கிலோ, வெள்ளியென்றால் 60-ஐத் தாண்டும். செருப்புப் பெட்டி என்று நினைத்து ஒரு கையால் வெடுக்கென்று இழுத்தால் அந்த நொடியில்தான் பிடித்துக்கொள்கிறது. எதையும் தூக்குமுன் காலால் லேசாகத் தள்ளிப் பார்ப்பது அரை நொடி வேலை. நகரவில்லை என்றால் யோசிக்கலாம்.

வெறும் கைக்கான எங்கள் எல்லை: உடம்போடு ஒட்டும் பெட்டி, சமதளம், 15 கிலோ வரை தாராளமாக. 15-லிருந்து 25 வரை சில அடி தூரம், சில தடவை. 25-க்கு மேல் தனி ஆளுக்குக் கையால் இல்லை. முழு கேஸ் சிலிண்டர் 30 கிலோவுக்குப் பக்கம். அதைத் தோளில் போடுகிறவர்கள் தினமும் போடுகிறார்கள் என்பதால் அது பாதுகாப்பானது ஆகிவிடாது.

பெல்ட்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நல்ல உடம்போடு இருப்பவருக்கு பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1994-லேயே நியோஷ் சொல்லிவிட்டது. பின்னர் அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் சாமான் ஏற்றி இறக்கும் 9,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியான ஆய்வில், தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுக் காயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பெல்ட் இடைவெளியைக் குறைக்காது, எடையையும் குறைக்காது. இன்னும் அஞ்சு கிலோ தூக்கலாம் என்ற துணிச்சலை மட்டும் கூட்டும். ஏற்கெனவே அடிபட்டு, டாக்டர் சொல்லிச் சில வாரம் கட்டுவது வேறு கதை.

கை ட்ராலி: முதல் செலவு இதற்கே

இரண்டு சக்கரம், நிற்கும் சட்டம், கீழே ஒரு அடித்தட்டு. டவுனுக்குள் ஓடும் வண்டிக்கு இதைவிடப் பலன் தரும் சாமான் இல்லை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. சரியாகச் சாய்த்துவிட்டால் எடை முழுவதும் அச்சின் மேல் உட்கார்ந்து, கைக்கு நாலைந்து கிலோதான் வரும். 60 கிலோ வாஷிங் மெஷினும் அப்படித்தான்.

ஆனால் கடையில் கேட்டால் கொடுக்கும் முதல் ட்ராலியை வாங்கிவிடக் கூடாது. 6 அங்குலச் சின்னச் சக்கரம் ஃபேர்லேண்ட்ஸ் அபார்ட்மெண்ட் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடும். குகை, அம்மாபேட்டைப் பகுதிச் சந்துகளில் கடப்பாக்கல் மூடிய சாக்கடையின் இடுக்கிலும், உயரமான வாசற்படியிலும் நச்சென்று முட்டி நிற்கும். நின்றால் பெட்டி முன்னால் போகும். 10 அங்குலச் சக்கரம் வாங்குங்கள். காற்றடைத்தது குண்டும் குழியும் தாங்கும், ஆனால் ஒரு பக்கம் காற்று இறங்கினாலே உயரமான பெட்டி அந்தப் பக்கம் சாயும். பராமரிக்கப் பொறுமை இல்லாதவர் உள்ளே காற்று வேண்டாத ஃபோம் சக்கரத்துக்குப் போவது நல்லது. கொஞ்சம் விறைப்பாக ஓடும், பஞ்சர் கவலை இல்லை.

சட்டத்தின் பின்புறம் இரண்டு நீளச் சறுக்குப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். படி விளிம்பின் மேல் அது சறுக்கி ஏறும், இல்லாவிட்டால் ஒவ்வொரு படியிலும் சட்டம் இடிக்கும். இதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தாலும் தகும். அடித்தட்டு அகலமாக இருக்கட்டும். மடக்கும் தட்டென்றால் அதன் கீலைப் பாருங்கள், முதலில் ஆடத் தொடங்குவது அங்கேதான்.

ஏற்றும் முறை: பெட்டியின் மேல்பகுதியை லேசாக முன்னால் தள்ளி, அடித்தட்டை அடியில் முழுசாக நுழைத்து, நைலான் பட்டையால் நடுவுக்குச் சற்று மேலே ஒரு கட்டு. பிறகு ஒரு காலை அச்சின் மேல் வைத்து, கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். முதுகால் இழுக்காமல் உடம்பு எடையால் பின்வாங்கினால் போதும். எடை கையில் லேசாகும் ஒரு கோணம் வரும், அங்கே நிறுத்திக்கொண்டு நடக்கலாம். அதைத் தாண்டிச் சாய்த்தால் எடை மறுபடி கைக்கு வந்துவிடும்.

ஃபிரிட்ஜை அதன் பக்கவாட்டு ட்ராலியில் படும்படி வைக்க வேண்டும். கதவு பக்கமும் பின்புறக் கம்பி வலைப் பக்கமும் ஆகாது. முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷினின் உள்ளே அசையாமல் இருக்கக் கம்பெனி போட்ட போல்ட்டுகளை இடம் சேரும் வரை கழற்றக் கூடாது. உள்ளே இருக்கும் கான்கிரீட் எடை ஆடினால் ட்ராலியும் ஆடும். ட்ராலிக்குச் சரிப்படாதது ஒன்று உண்டு: இன்வெர்ட்டர் பேட்டரி. ஆசிட் நிரப்பிய டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும், சாய்த்தால் மூடித்துளை வழியே கசிந்து அட்டையை அரித்து, பேன்ட்டையும் தின்னும். அதற்கு நாலு சக்கரத் தட்டு ட்ராலியோ, கயிற்றுப் பிடியில் இரண்டு ஆளோதான்.

லிஃப்ட் உள்ள கட்டடத்தில் இன்னொரு கணக்கு. 6 பேர் லிஃப்ட் என்றால் 408 கிலோ, ஆளுக்கு 68 என்ற கணக்கு. எடை பிரச்சினை ஆகாது. கதவுக்கும் தரைக்கும் உள்ள பள்ளத்தில் சின்னச் சக்கரம் இறங்கி மாட்டுவதுதான் பிரச்சினை. பெரிய சக்கர ட்ராலியோடு பின்னோக்கி இழுத்து நுழைவது எளிது.

வண்டியிலிருந்து ட்ராலிக்கு எப்படி இறக்குவது என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இரண்டரை அடி உயரத்துக்கு 8 அடிப் பலகை போட்டால், 60 கிலோவைத் தடுத்து இறக்கவோ தள்ளி ஏற்றவோ ஏறக்குறைய 19 கிலோ விசை போதும், உரசல் தனி. 6 அடிப் பலகையென்றால் 25 கிலோ. அந்த இரண்டடிக்குத்தான் கை நடுங்குகிறது. பலகையின் மேல்முனை வண்டித் தளத்தில் கொக்கியால் மாட்டியிருக்க வேண்டும். வெறுமனே சாய்த்து வைத்த பலகை, சக்கரம் ஏறிய மறுகணம் பின்னால் நழுவும்.

படி வந்துவிட்டால்

வீடுகளில் படி உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. செவ்வாய்ப்பேட்டையின் பழைய மாடி வீட்டுக்கு அது தெரியாது. எட்டு ஒன்பது அங்குலப் படி, கால் பாதி வைக்கும் அகலம், நடுவில் ஒரு திருப்பம். இங்கேதான் எதை எடுப்பது என்ற கேள்வி உண்மையிலேயே கடினமாகிறது.

முதலில் கணக்கு. 45 கிலோ சாமான், 12 கிலோ ட்ராலி, மொத்தம் 57. விதிப்படியான படியிலேயே அதைச் சறுக்குப் பட்டை மேல் இழுக்க 35 கிலோ அளவு விசை வேண்டும். பத்தடி ஏற 16 படி, 16 இழுப்பு. அதுவும் பின்னோக்கி ஏறிக்கொண்டு, குனிந்தபடி. தனி ஆளுக்கு இது நல்ல பேரம் இல்லை.

பக்கத்துக்கு மூன்று சக்கரம் நட்சத்திரம் போல் சுழலும் படி ட்ராலியை இதற்குத்தான் விற்கிறார்கள். விதிப்படி கட்டிய புது அபார்ட்மெண்ட் படியில் 30, 35 கிலோ வரை அது நன்றாகவே ஏறுகிறது. லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்குத் தண்ணீர் கேன் ஏற்றுபவருக்கு வாங்கச் சொல்வோம். பழைய படியில் கதை வேறு. ஒன்பது அங்குல உயரத்துக்கு மேல்சக்கரம் அடுத்த படியின் தளத்தில் உட்காராமல் படியின் முகத்தில் மோதி நிற்கும். வெடுக்கென்று இழுத்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுழன்று ட்ராலி திருகிக்கொள்ளும். திருப்பத்தில் ஆறு சக்கரமும் ஒன்றுக்கொன்று சண்டை போடும். சமதளத்திலும் சாதா ட்ராலி அளவுக்கு நேராக ஓடாது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சறுக்குப் பட்டை வைத்த 10 அங்குல ட்ராலி. படி ட்ராலி இரண்டாவது வண்டிக்கு.

35 கிலோவுக்கு மேல் படி ஏறினால் இன்னொரு ஆள் வேண்டும். மேலே ஒருவர் இழுக்க, கீழே ஒருவர் அடித்தட்டைத் தூக்கிவிட. கீழே நிற்பவர் ட்ராலிக்கு நேர்க்கீழே நிற்காமல் ஒரு பக்கமாக, எப்போது வேண்டுமானாலும் விலகும்படி நிற்க வேண்டும். நழுவினால் பிடிக்கப் போகக் கூடாது. மெஷினை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது ஆளும் பட்டையும்

இரண்டு பேர் தூக்கினால் இரண்டு மடங்கு தூக்கலாம் என்பது தப்புக் கணக்கு. பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை வழிகாட்டுதல்படி, இரண்டு பேரின் தனித்தனித் திறனைக் கூட்டி அதில் மூன்றில் இரண்டு பங்குதான் எடுக்க வேண்டும். ஆளுக்கு 25 என்றால் சேர்ந்து 50 இல்லை, 33. ஒருவர் ஒரு நொடி முந்தினாலும் முழு எடையும் மற்றவர் மேல் விழும் என்பதால் இந்தக் கழிவு. 60 கிலோ ஃபிரிட்ஜை இரண்டு பேர் வெறும் கையில் படி ஏற்றுவது இந்தக் கணக்குக்கு வெளியேதான் போகிறது.

முன்கையில் மாட்டும் பட்டை இங்கே உதவும். பெட்டியின் அடியில் குறுக்காகப் போட்டு, இரண்டு முனைகளையும் இருவரின் முன்கையிலும் மாட்டி எழுந்தால், விரல் பிடியில் இருந்த எடை கைத்தசைக்கும் தோளுக்கும் காலுக்கும் போகிறது. குனியவும் வேண்டாம். பெட்டி இரண்டு மூன்று அங்குலம் எழுந்தால் போதும். அதிகம் எழுந்தால் பட்டை நீளம் தப்பு. பட்டையை முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும், மணிக்கட்டில் சுற்றக் கூடாது. சுற்றினால் ஆபத்தில் உதற முடியாது. தொங்கும் மீதி முனையைச் செருகிக்கொள்ளாவிட்டால் காலில் மிதிபடும்.

இதன் குறை படியில் தெரியும். கீழே நிற்பவர் மேல் எடை சாயும், அவருக்கு முன்னால் பெட்டியைத் தவிர எதுவும் தெரியாது. உயரமான, திடமான ஆளைக் கீழே நிறுத்தி, மேலே நிற்பவர் மட்டும் பேச வேண்டும். இரண்டு பேர் கட்டளை போட்டால் மோசம். முன்கைப் பட்டையை விடத் தோளில் மாட்டும் வகை படிக்கு மேல், கை இரண்டும் பெட்டியைத் தாங்கிப் பிடிக்க மிச்சமிருக்கும். பட்டை என்பது ஆளுக்கு மாற்று இல்லை, இரண்டாவது ஆள் இருக்கும்போது மட்டுமே அது சாமான். தனியாகப் போகிறவர் வாங்கிப் பெட்டியில் போட்டு வைப்பதில் அர்த்தமில்லை.

கூலிக்கு ஆள் என்பதைச் செலவாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று கனமான மாடி டெலிவரி இருந்தால், அந்த நேரத்துக்கு மட்டும் அந்தந்தப் பகுதி லோடுமேனைக் கூப்பிடுவது, படி ட்ராலி வாங்குவதை விடப் பெரும்பாலும் மலிவு. அவருக்கு அந்தத் தெருவின் படியும் சந்தும் தெரியும் என்பது இலவசம். கூலியை முன்னாலேயே பேசிவிடுங்கள். மெஷின் பாதிப் படியில் நிற்கும்போது பேரம் பேசுவது யாருக்கும் நல்லதில்லை.

அடிவாரம் தாண்டினால்

இதுவரை சொன்ன வரிசை ஏற்காட்டில் தலைகீழாகிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது லோடு பின்கதவை நோக்கி நகர்கிறது, ஒவ்வொரு வளைவிலும் பக்கத்துக்குப் பக்கம் சாய்கிறது. மேலே போய்க் கதவைத் திறக்கும்போது முதலில் வருவது பெட்டியாக இருக்கலாம். கதவுக்கு நேரே நிற்காமல் ஓரமாக நின்று, ஒரு பக்கக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, உள்ளே கை வைத்துத் தாங்கிப் பார்த்த பிறகே முழுசாகத் திறக்க வேண்டும். டவுனுக்கு ஏற்றும்போது கயிறு கட்டாவிட்டாலும் பரவாயில்லை என்ற வழக்கம் மலைக்கு ஆகாது. குறுக்கே இரண்டு கட்டு, ஒன்று கீழே, ஒன்று பெட்டி உயரத்தின் முக்கால் பாகத்தில்.

இன்னொன்று முதுகு சம்பந்தப்பட்டது. ஒரு மணி நேரம் வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு கூனி உட்கார்ந்த பிறகு கீழ்முதுகின் தசைநார்கள் தளர்ந்து இழுபட்டிருக்கும். இறங்கிய வேகத்தில் குனிந்து தூக்குவதுதான் மிக மோசமான நேரம். இரண்டு நிமிடம் நடந்து, வீட்டுக்காரரிடம் வழி கேட்டு, படியைப் பார்த்துவிட்டு வந்தாலே போதும். வழி பார்க்கும் வேலையும் முடிந்துவிடும்.

எஸ்டேட் வீடுகளுக்கு வண்டி வாசல் வரை போகாது. நாகலூர்ப் பக்கமோ மஞ்சக்குட்டைப் பக்கமோ, ரோட்டிலிருந்து மண்ணில் வெட்டிய படியோ சரிவான சிமெண்ட் பாதையோதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் மேல் பச்சைப் பாசி. இங்கே கை ட்ராலியின் பலம் பாதியாகிறது. மண்படியில் சக்கரம் விளிம்பை உடைத்துக்கொண்டு இறங்கும், பாசியில் ட்ராலியைத் தடுத்து நிற்க நம் காலுக்கே பிடி இருக்காது. மலைக்கு எங்கள் தேர்வு இரண்டு ஆள், தோள் பட்டை, 15 மீட்டர் கயிறு. ட்ராலி சிமெண்ட் பாதைக்கு மட்டும்.

சரிவில் ட்ராலியை உருட்டினால் எப்போதும் சாமான் பள்ளத்துப் பக்கம், நாம் மேட்டுப் பக்கம். இறங்கும்போது முன்னால் விட்டு இறங்க வேண்டும், ஏறும்போது பின்னோக்கி நடந்து இழுக்க வேண்டும். கைவிட்டுப் போனாலும் நம் மேல் வராது. செங்குத்தான இடத்தில் ட்ராலியின் சட்டத்தில் கயிற்றைக் கட்டி, மேலே ஒரு மரத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றி, மற்றவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கலாம். ஒரு சுற்றிலேயே கைக்கு வரும் இழுவை பல மடங்கு குறைந்துவிடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. எஸ்டேட்டில் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக் மரம், அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். கொடி இல்லாத மரமாகப் பார்த்துச் சுற்றுங்கள், அல்லது கேட்டுவிட்டுச் சுற்றுங்கள். கொடி அறுந்தால் டெலிவரிச் சார்ஜை விடப் பெரிய சண்டை வரும்.

செருப்போடு மலைக்குப் போவதைப் பற்றி ஒரு வரிதான்: வேண்டாம். விரல் மூடிய, அடியில் ஆழமான பள்ளம் உள்ள ஷூ. மழை நாளில் ரப்பர் பூசிய கையுறை. ஈர அட்டையின் அடிப்பாகம் கிழியும் என்பதால் பிளாஸ்டிக் சுற்றாத பெட்டியைச் சாக்கில் போட்டுத் தூக்குவது மேல்.

தூக்காமல் விடுவது

இதுவும் ஒரு வழிதான், ஒப்பீட்டில் சேர்க்காமல் விட்டால் நேர்மையாகாது. எடையும் படியும் சேர்ந்து மேலே சொன்ன எல்லைக்கு வெளியே போனால், தரைத்தளத்தில் இறக்கிவிட்டு ஆளோடு வருவதாகச் சொல்வது, அல்லது வேறு நாள் வைப்பது. கஸ்டமர் முகம் சுளிப்பார். ஆனால் இடுப்பு பிடித்துக்கொண்டால் வண்டி எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. பிடித்துக்கொண்டால் முழுசாகப் படுத்துவிடாமல் முடிந்த அளவு நடமாடுவதே சீக்கிரம் தேற வழி. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அது நரம்பு நசுங்குவதன் அடையாளம், தாமதித்தால் திரும்பாது.

மறுப்பு வாசலில் நின்றுகொண்டு சொன்னால்தான் சண்டை. லோடு ஏற்றுவதற்கு முன்பே போனில் கேட்டுவிட்டால் அது ஏற்பாடு. ரொம்ப நேரமும் ஆகாது. "அக்கா, ஃபிரிட்ஜ் இன்னிக்கு வருதுங்க. எத்தனாவது மாடிங்க? லிஃப்ட் இருக்குங்களா? படி வளையுதுங்களா, நேராப் போகுதுங்களா? வண்டி வாசல் வரைக்கும் வருங்களா?" ஏற்காடு நம்பர் என்றால் இன்னும் ஒரு கேள்வி: "ரோட்டுல இருந்து வீடு மேலங்களா, கீழங்களா?" கீழே என்றால் கயிறு, மேலே என்றால் இன்னொரு ஆள்.